பிள்ளையைப் பார்க்கும் தாயை யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி பதில்

ஓட்டிசம், அதாவது பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை, உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கென எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கப்பட்டிருப்பது பெரும்பாலும் பிள்ளையைப் பற்றித்தான் என்றாலும், வரிகளுக்கு நடுவே தெரிவது பெற்றவர்களின் களைப்பு. ஆகவே பிள்ளைக்கான பயிற்சிகளை இன்னொரு முறைக்கு விட்டுவிட்டு, இம்முறை பெற்றவர்களைப் பற்றியே எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியுள்ளேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. மகனுக்கு 6 வயது. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னார். ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் பேசமாட்டான். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை உறங்கமாட்டான். விடிய ஐந்து மணிக்கு எழும்பிவிடுவான். படலை திறந்திருந்தால் தெருவுக்கு ஓடுவான், இல்லாவிட்டால் கிணற்றடிக்குப் போவான். அந்தப் பயத்தில் குளிக்கும்போதுகூட நான் கதவைச் சாத்துவதில்லை. கணவருக்கு வவுனியாவில் வேலை; வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். எங்களோடு இருக்கும் மாமி, "வயிற்றில பிள்ளையோட எந்நேரமும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதுதான் பிள்ளை இப்பிடி" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் அவன் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து கத்தியபோது, எல்லோரும் பார்த்திருக்க அவனை அடித்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் அழுதேன். சில இரவுகளில் நான் இல்லாமற் போனால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. நான் கெட்ட தாயா?
- தாய், கோப்பாய்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்திய வரியிலிருந்து தொடங்குகிறேன். நான் இல்லாமற் போனால் நல்லது என்ற எண்ணம், வருடக்கணக்காக நிறைந்த உறக்கம் இல்லாத ஒருவரின் மனத்தில் எழக்கூடியது. அதை எழுதியதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அதை நீங்கள் தனியே சுமந்துகொண்டிருக்கக் கூடாது. இந்த இதழ் கைக்கு வரும் அன்றே அந்த வரியைக் கணவரிடம் சொல்லுங்கள்; சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. மகனின் கிளினிக் நாளைத் தவறவிடாத நீங்கள், உங்களுக்கென்றும் ஒரு கிளினிக் நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாமி சொல்வதைப் பார்ப்போம். தாய்மீது பழியைப் போடுவது மாமியிடமிருந்து தொடங்கவில்லை. 1943 இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் தாம் பார்த்த 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் ஒரு தனி நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் அவரே பெற்றோரிடம் பாசம் குறைவாக இருந்ததாக எழுத, தாயின் மனம் குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிவிட்டது என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்து, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிகளாக நிறுத்திவைத்தது. அந்த எண்ணத்தை எதிர்த்து முதலில் உரத்துப் பேசியவர்களில் ஒருவர் ஒரு தந்தை. ஓட்டிசம் உள்ள மகனை வளர்த்துக்கொண்டிருந்த பேர்னாட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது உடலோடும் மூளையோடும் தொடர்புடைய நிலை என்று 1964 இல் ஒரு நூலே எழுதினார். 1969 இல் கானரும் பெற்றோர் கூடியிருந்த ஓர் அவையில், உங்கள்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். 1977 இல் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் 4 இல் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இருக்கவில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்குண்டு என்பதை அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. கைத்தொலைபேசி பிறப்பதற்கு முன்பே ஓட்டிசம் இருந்தது. இதை மாமியிடம் அமைதியாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், அவருடைய மகன்.

நான் கெட்ட தாயா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் காண்பது மனத்தின் கேட்டை அன்று, மணித்தியாலங்களின் கணக்கை. மூன்று நான்கு மணிநேர உறக்கம்; விழித்திருக்கும் நேரமெல்லாம் படலையிலும் கிணற்றிலும் ஒரு கண்; கிழமையில் ஐந்து நாட்கள் கைமாற ஆள் இல்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டிசம் உள்ள பருவ வயதினரையும் வளர்ந்தவர்களையும் பராமரிக்கும் தாய்மாரின் அன்றாடப் பொழுதைக் கணக்கெடுத்து 2010 இல் வெளியிட்டார்கள். மற்றத் தாய்மாரைவிட இவர்கள் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமேனும் கூடுதலாகப் பராமரிப்பில் செலவிட்டார்கள். மன அழுத்தத்தின்போது உடல் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு அவர்களிடம் நாள் முழுவதும் வழமையைவிடத் தாழ்ந்தே இருந்தது. நீண்டகாலம் ஓயாத நெருக்கடிக்குள் வாழ்ந்தவர்களின் உடலில் காணப்படும் நிலை அது. அதே தாய்மார் மகிழ்ச்சியான தருணங்களை மற்றவர்களைவிடக் குறைவாக அனுபவிக்கவில்லை என்றும் அந்தக் கணக்கெடுப்பில் தெரியவந்தது. களைப்பும் அன்பும் ஒரே உடம்பில் ஒருங்கே இருக்கும். உங்கள் களைப்பை வைத்து உங்கள் அன்பை அளக்க யாருக்கும் இடங்கொடாதீர்கள்.

ஆகவே மனத்தைத் திடப்படுத்துங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. சுமையைக் கைமாற்றுங்கள் என்றுதான் எழுதுகிறேன், அதுவும் முதலில் மனிதரிடம்கூட அன்று, இரும்பிடம். கிணற்றுக்கு இரும்புச் சட்டத்தில் வலை அடித்த மூடி போட்டுப் பூட்டுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கட்டு வளர்ந்தவரின் இடுப்பளவுதான். ஏறிப் பழகிய ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தடையே இல்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரில் பெரும் ஈர்ப்பு உண்டு. வீட்டைவிட்டு வெளியேறிப் போகும் இத்தகைய பிள்ளைகளின் உயிருக்கு நேரும் ஆபத்துகளில் நீரில் மூழ்குவதே முதன்மையானது. படலைக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு கொழுக்கி போட்டு, திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றையும் கட்டுங்கள். இதற்குச் செலவாகும் பணம் சிகிச்சைச் செலவைப் போலவே பிள்ளைக்கான செலவுதான். மூடியும் கொழுக்கியும் போட்ட மறுநாள் நீங்கள் கதவைச் சாத்திக் குளிப்பீர்கள். அந்தப் பத்து நிமிடம் உங்களுடையது.

அடுத்தது உறக்கம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உறக்கக் குழப்பம் உண்டு. அதைத் தனிப் பிரச்சினையாக எடுத்துப் பிள்ளையின் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு விடயங்களைக் கதைத்துவிட்டு வாசலில் நின்று சொல்லாதீர்கள். உறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே தொலைக்காட்சியையும் ஃபோனையும் நிறுத்தி, நாள்தோறும் ஒரே ஒழுங்கில் கழுவல், சாப்பாடு, விளக்கணைத்தல் என்று கொண்டுபோனால் பல பிள்ளைகளிடம் சில கிழமைகளில் மாற்றம் தெரியும். போதாவிட்டால் மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கடையில் கேட்டு வாங்க வேண்டாம். வெள்ளி இரவும் சனி இரவும் மகன் தகப்பனின் அறையில் படுக்க வேண்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்க வேண்டும். ஐந்து நாள் வேலை செய்து களைத்து வருகிறவர் என்று கணவருக்காக நீங்கள் இரங்குவீர்கள் என்பது தெரியும். அவர் ஐந்து இரவுகள் உறங்கிவிட்டு வருகிறார், நீங்கள் உறங்கவில்லை.

கலியாண வீட்டில் நடந்தது குழப்படி அன்று. குழப்படி செய்யும் பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யும். கேட்டது கிடைத்ததும் ஓய்ந்துவிடும். உங்கள் மகன் காதைப் பொத்திக்கொண்டு விழுந்தான். மேளமும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் சனக்கூட்டமும் ஒன்றாக வந்து அடித்தபோது அவனால் தாங்க ஏலாமற் போயிற்று. அந்த நிலையில் அடி எதையும் கற்பிக்காது. தாங்க முடியாதவற்றோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொள்ளும். அடித்தது தவறு. அடித்ததை எழுதி உதவி கேட்டது ஒரு நல்ல தாய் செய்கிற காரியம். இரண்டும் உண்மை. இனி இப்படி நேரும்போது அவனைச் சத்தமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருங்கள். கை ஓங்க வருகிறது என்று தெரிந்தால், அவன் பாதுகாப்பாக இருக்கிறானா என்று பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போங்கள். வீட்டுக்குள்ளும் ஓர் உடன்பாடு வேண்டும்: நீங்கள் "எனக்கு ஏலாது" என்று சொன்னால், வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் காரணம் கேட்காமல் வந்து பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும். நம் வீடுகளில் ஏலாது என்று சொல்லும் பெண்ணுக்குப் புத்திமதிதான் கிடைக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஆள் வர வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்று என் மனத்தில் நெருடுகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் கோப்பாயில் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால், அதற்கு ஓட்டிசம் என்ற பெயர் கிடைத்திருக்காது; ஆனால் பெரியம்மா, சித்தி, மச்சாள், பக்கத்து வளவு அக்கா என்று பத்துக் கைகள் இருந்திருக்கும். இன்று பெயர் இருக்கிறது, கைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இதையும் சேர்த்து எண்ண வேண்டும். உங்களைத் தனியளாக்கியதில் இந்த ஊரின் வரலாற்றுக்கும் பங்குண்டு.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு ஓட்டிசம். கனடாவில் இருக்கும் மைத்துனர் நாள்தோறும் ஏதாவது ஒரு மருத்துவத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இந்தியாவில் ஓரிடத்தில் ஊசிமூலம் முற்றாகக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பல இலட்சம் கேட்கிறார்கள். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மகனின் தங்கைக்கு மூன்று வயதுத் தடுப்பூசி போட வேண்டாம் என்றும் மைத்துனர் சொல்கிறார். பணத்தைப் பற்றி நினைத்தால் நெஞ்சு இறுகுகிறது, யாரிடமும் சொல்வதில்லை.
- தந்தை, சாவகச்சேரி

பதில்: தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம். ஓட்டிசத்தை முற்றாக நீக்கும் ஊசியோ மாத்திரையோ உலகில் எங்கும் இல்லை. குணம் என்று உறுதி சொல்லி முன்பணம் கேட்பவர் எவராயினும், அந்த உறுதியே அவரை நம்பக்கூடாது என்பதற்குப் போதிய காரணம். இவை பணத்தை மட்டும் கொண்டுபோவதில்லை: உடலிலிருந்து உலோகங்களை அகற்றுவதாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட மருந்தால் 2005 இல் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற கதைக்கு மூலம், 1998 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை. 2010 இல் அந்த இதழே அதை மீளப்பெற்றது. எழுதியவர் பிரித்தானியாவில் வைத்தியராகத் தொழில் செய்யும் உரிமையை இழந்தார். நம் நாட்டில் இந்த ஊசி ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படுகிறது. ஓட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவருவதும் அந்த வயதுகளுக்கு இடையில்தான் என்பதால், ஒன்றால் மற்றது வந்ததென்ற மயக்கம் ஏற்படுகிறது. மகளுக்கு ஊசியைத் தவறாமல் போடுங்கள்.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், பேச்சு மொழிச் சிகிச்சைக்கும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் போகும் போக்குவரத்துக்கும், அங்கே கற்றதை வீட்டில் செய்துபார்க்க நீங்களும் மனைவியும் எடுக்கும் நேரத்துக்கும் என்பேன். உலக சுகாதார நிறுவனம் இரண்டு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளின் பெற்றோருக்கென வகுத்த பயிற்சி, ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் மட்டுமே கொண்டது. விளையாட்டு, சாப்பாடு, உடை மாற்றல் போன்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே பிள்ளையோடு தொடர்பாடக் கற்றுக்கொடுக்கிறது. பெற்றோர் தம் மனநலத்தைப் பேணுவதும் அதில் ஒரு பகுதி. கோயிலில் நேர்த்தி வைத்திருந்தால் நிறைவேற்றுங்கள், மனத்துக்கு ஆறுதலாயிருக்கும்; அதற்காகக் கடன்பட வேண்டாம்.

கடைசி வரியைப் பற்றி ஒரு சொல். தாய் அழுவதை ஊர் காண்கிறது; தகப்பன் கடன் கணக்கோடு விறாந்தையில் இருட்டில் இருப்பதை யாரும் காண்பதில்லை. ஒரு கொப்பியில் வரவையும் கடனையும் எழுதி, இன்றிரவே மனைவியிடம் காட்டுங்கள். மறைத்த கடன் வெளிவரும்போது ஏற்படும் பிளவு, கடனைவிடப் பெரிதாக இருக்கும். நெஞ்சு இறுகுவதையும் வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாவற்றையும் மனத்தின்மீது போட்டுவிடக் கூடாது.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. மகள் பயப்படுகிறாள். "உன்ர மாமாவும் நாலு வயதிலதான் கதைச்சவர், பேசாமல் இரு" என்று நான் சொன்னேன். அதிலிருந்து என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நான் என்ன பிழை விட்டேன்?
- அம்மம்மா, வேலணை

பதில்: அம்மா, ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். ஆனால் மகளுக்கு அது, உன் கண் கண்டது பொய் என்று கேட்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாததும் இரண்டு வயது கடந்தும் சொற்கள் வராததும் காத்திருக்கக் கூடிய விடயங்கள் அல்ல. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ இந்தக் கிழமையே காட்டச் சொல்லுங்கள். மகளோடு நீங்களும் போங்கள். தீவிலிருந்து யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் அந்தப் பிள்ளையைத் தனியே கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதை ஒருமுறை கூடப் போனால் அறிவீர்கள். புத்திமதி இனி வேண்டாம். செவ்வாயும் வியாழனும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பிள்ளை என்னோடு என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மகள் உறங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். எப்போதாவது செய்யும் பேருதவியைவிட, எதிர்பார்த்திருக்கக்கூடிய சிறிய உதவியே மனப்பாரத்தை இறக்கும்.

கேள்வி: கணவர் இல்லை. எனக்கு 58 வயது. ஓட்டிசம் உள்ள மகனுக்கு 22 வயது. பாடசாலை முடிந்து வீட்டில்தான் இருக்கிறார். தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறார். எனக்குப் பிறகு இவரை யார் பார்ப்பார்கள் என்ற நினைவில் எனக்கு இரவே வராமல் இருந்தால் நல்லது போல் இருக்கிறது.
- தாய், பருத்தித்துறை

பதில்: அம்மா, பிள்ளையின் வயது கூடக் கூட இந்தக் கேள்வியின் எடையும் கூடுகிறது. பாடசாலை இருந்தவரை நாளில் சில மணித்தியாலமாவது கை ஓய்ந்திருந்தீர்கள்; இப்போது அதுவும் இல்லை. எனக்குப் பிறகு என்ற பெரிய பயத்துக்கு நான் முழு விடை தர முடியாது. வளர்ந்தவர்களுக்கான பராமரிப்பு இல்லங்கள் நம் மாவட்டத்தில் தேவைக்கு மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்றே தொடங்கக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. கைகளுக்கு வேலை கிடைத்தால் இரவின் பயம் ஓரளவு தணியும்.

மாதத்துக்கு ஓர் இரவு அவர் வேறொரு வீட்டில், உங்கள் சகோதரி வீட்டிலோ நம்பிக்கையான அயலவர் வீட்டிலோ, உறங்கிப் பழகட்டும். நீங்கள் வைத்தியசாலையில் படுக்க நேர்ந்தால் அன்றுதான் முதன்முறையாகப் பிரிய வேண்டும் என்ற நிலை இருவருக்குமே கொடியது. முதல் இரவு சரிவராது. மூன்றாவது, நான்காவது முறையில் பழகிவிடக்கூடும். தானே குளித்தல், தேநீர் ஊற்றுதல், உடுப்பு மடித்தல் என்பவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மாதக்கணக்கானாலும் முழுமையாகப் பழக்குங்கள். தம்பி அனுப்பும் காசில் ஒரு பங்கை, கிழமைக்கு மூன்று நாள் வந்து அவரோடு இருக்கக்கூடிய ஒருவரின் சம்பளமாக மாற்றித் தரும்படி கேளுங்கள். வெளிநாட்டு உறவினர் பலருக்கு எதற்கு அனுப்புவது என்று தெரியாமலே இருக்கிறது. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் அவருடைய பெயர் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கும் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். காணி, வீடு பற்றி நம்பிக்கையான நொத்தாரிசு ஒருவரிடம் கதையுங்கள். பராமரிப்பவர் பெயருக்கே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதற்கு முன், மகனின் வாழ்நாள் உரித்தை எப்படிப் பாதுகாக்கலாம் என்று கேளுங்கள்.

ஒரு கொப்பியும் எழுதத் தொடங்குங்கள். அவருக்கு வயிற்றுவலி வந்தால் அழுவாரா, சுவரில் தலையை முட்டுவாரா. எந்தச் சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்தும். இடி இடித்தால் எந்த மூலையில் போய் இருப்பார். சோறும் கறியும் தொட்டுக்கொண்டிருந்தால் சாப்பிடமாட்டாரா. எந்தப் பாட்டைப் போட்டால் அமைதியாவார். எந்த மருந்து எந்த நேரம். இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவு இது. நீங்கள் மட்டுமே அறிந்திருப்பதால்தான் உங்களால் ஓர் இரவுகூட நகர முடியவில்லை. எழுதக் கைவராவிட்டால் நீங்கள் சொல்ல, சகோதரியின் பிள்ளைகளில் ஒருவர் எழுதட்டும். எழுதுகிற அந்தப் பிள்ளைக்கு உங்கள் மகனைப் பாதி தெரிந்துவிடும்.